கைப்பிசகும் வணிகக்குறியும்: ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து தீவகத்தை நோக்கிச் செல்லும் வீதி, அல்லைப்பிட்டியை அடுத்து மண்கும்பானை அடைகின்றது. ஊரின் பெயரே மணற்குவியலை நினைவூட்டுவது. கடற்காற்றுக் குவித்த வெண்மணலும் அம்மணலில் வேரூன்றி நிற்கும் பனைகளுமே இவ்வூரின் நிலத்தோற்றத்தை நெடுங்காலமாக அமைத்துவந்துள்ளன. மண்கும்பானைத் தன்னகத்தே கொண்ட வேலணைத்தீவிற்கு ஒல்லாந்தர் லெய்டன் எனப் பெயரிட்டனர். நெடுந்தீவை டெல்ப்ட் என்றும், நயினாதீவை ஹார்லெம் என்றும் அவர்கள் அழைத்தனர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய வணிகக் கம்பனி, தான் அறிந்த நகரங்களின் பெயர்களை அறியாத தீவுகளின்மீது சூட்டிய செயல் இது. இம்மூன்று நகரங்களும் ஒரு வகையில் ஒற்றுமையுடையன. கைவினைப் பொருளுக்கும் அதன்மீது இடப்படும் வணிகக்குறிக்கும் இடையிலான உறவின் வரலாற்றில், ஒவ்வொரு நகரமும் ஒவ்வொரு கட்டத்தைச் சுட்டி நிற்கின்றது.

அவ்வுறவு இன்று மீண்டும் பேசுபொருளாகியுள்ளது. இக்கால வணிக உலகில், கையாற் செய்தது போன்ற, சற்றே பிசகிய வடிவமைப்பு ஒரு நிறுவனத்துக்கு ஆளுமையை அளிக்கும் என்னும் கருத்துச் செல்வாக்குப் பெற்றுள்ளது. நடுங்கிய கோடு, ஒன்றோடொன்று ஒவ்வாத எழுத்துகள், மை பரவிய விளிம்பு, முனை சமனாகாத பொதி ஆகியன வேண்டுமென்றே வரையப்படுகின்றன. பிசகற்ற பொருள் மனிதத் தொடர்பற்றதாகத் தோன்றும். பிசகுள்ள பொருளின் பின்னால் ஒரு மனிதர் இருப்பதாக வாங்குவோர் உணர்வர் என்பது இதற்குக் கூறப்படும் நியாயம். இஃது ஓர் அண்மைக்காலக் கண்டுபிடிப்பாக எடுத்துரைக்கப்படினும், இதன் வேர்கள் பல நூற்றாண்டுகள் பின்னோக்கிச் செல்வன. அவ்வரலாற்றை நோக்குமிடத்து எழும் வினா ஒன்றுண்டு: பிசகு காட்டும் அந்த மனிதர் யார்? அவருக்குக் கிடைத்தது என்ன?

குறியும் பொறுப்பும்

பொருள்மீது குறியிடும் வழக்கம் தமிழர் வரலாற்றில் மிகத் தொன்மையானது. புகார்த் துறைமுகத்தில் ஏற்றவும் இறக்கவும் குவிந்த பண்டங்களின்மீது சோழரின் புலி இலச்சினை பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுகின்றது. அரிக்கமேடு, கொடுமணல், அழகன்குளம் முதலிய இடங்களிற் கிடைத்த பானையோடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஆட்பெயர்கள் கீறப்பட்டுள்ளன. செங்கடற்கரையிலுள்ள எகிப்தியத் துறைமுகங்களிலும் அத்தகைய ஓடுகள் கிடைத்துள்ளன. இவ்விரு சான்றுகளும் இருவேறு குறிகளை நமக்கு அறிமுகப்படுத்துகின்றன. புலி இலச்சினை அதிகாரத்தின் குறி. ஒரே அச்சினால் எல்லாப் பண்டங்களிலும் ஒரே விதமாகப் பதிவது. பானையிற் கீறிய பெயரோ ஒருவரின் கையெழுத்து. கீறியவரின் விரல் அழுத்தமும் தடுமாற்றமும் அதிலுண்டு. முன்னது பண்டம் சுங்கம் கடந்தது என்றது. பின்னது பானை இன்னாருடையது என்றது.

லெய்டன் நகரம் முதல்வகைக் குறியின் வளர்ச்சி நிலையைக் காட்டுவது. ஐரோப்பாவின் பெரும் கம்பளித்துணி உற்பத்தி நகரங்களுள் ஒன்றாக அது விளங்கியது. அங்கு நெய்யப்பட்ட துணி நெசவு, சாயமூட்டல் முதலிய படிகளைக் கடக்கும்தோறும் பரிசோதிக்கப்பட்டு, அதன் தரத்தைக் காட்டும் ஈய முத்திரை துணியோடு பிணைக்கப்பட்டது. துணியை வாங்கும் தொலைநாட்டு வணிகர் நெசவாளியை அறியார். நகரத்தின் முத்திரையை அறிவார். எனவே, நெசவாளியின் கை பற்றிய நம்பிக்கை நகரத்தின் பெயர்மீதான நம்பிக்கையாக மாற்றப்பட்டது. இக்கட்டத்திற் பிசகு ஒரு குற்றமாகவே கணிக்கப்பட்டது. முத்திரையின் பணி பிசகற்றதை உறுதிசெய்வதே.

டெல்ப்ட் நகரத்தின் நிலை சற்று வேறானது. சீனத்திலிருந்து ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி கொணர்ந்த நீலவெண் பீங்கானுக்கு ஐரோப்பாவிற் பெருமதிப்பு இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மிங் அரசு வீழ்ந்து சீனத்திற் குழப்பம் நிலவியபோது அவ்வரத்துக் குன்றியது. டெல்ப்ட் குயவர்கள் அவ்விடத்தை நிரப்பினர். அவர்கள் செய்தது உண்மைப் பீங்கானன்று. வெள்ளீயப் பூச்சுக் கொடுத்த மட்பாண்டமே. சீனர் வரைந்த உருவங்களைத் தாம் கண்டவாறு தூரிகையால் வரைந்தனர். அவ்வாறு வரைகையில் நிகழ்ந்த விலகல்களே காலப்போக்கில் ‘டெல்ப்ட் நீலம்’ என உலகறிந்த பாணியாயின. பிரதிசெய்தலிற் பிசகியதே தனித்தன்மையாக மாறிய வரலாறு இது.

சாயவேரும் கலங்காரியும்

லெய்டன் என்றும் டெல்ப்ட் என்றும் பெயர்பெற்ற தீவுகளிலிருந்து ஒல்லாந்தர் எதிர்பார்த்த பொருள்களுள் ஒன்று சாயவேர். இம்பூறல் என்றும் வழங்கும் இச்சிறு செடி கடலோர மணலில் வளர்வது. அதன் வேர்ப்பட்டையிலிருந்து கிடைக்கும் சிவப்பு, கிளிஞ்சற் சுண்ணாம்பு கலந்த மணல்நிலத்தில் வளர்ந்த வேரில் மேலும் சிறக்கும் எனக் கருதப்பட்டது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்தைச் சார்ந்த தீவுகளிலும் கிடைத்த வேர் ஒல்லாந்தர் ஆட்சியில் அரச உரிமையாயிருந்தது. அதனை அகழ்வது குறிப்பிட்ட சமூகத்தவர்மீது விதிக்கப்பட்ட கடமைத் தொழிலாக அமைந்தது. கடுவெயிலில் மணலைக் குத்தி நூல்போன்ற வேரை அறாமல் எடுத்தவர்களைப் பற்றி ஆவணங்கள் பேசும்போது, தொகையும் எடையும் வரியுமே முதன்மை பெறுகின்றன.

அவ்வேரின் பெருமை சோழமண்டலக் கரையின் கலங்காரித் துணியில் விளங்கியது. துளையிட்ட தாளின்மேற் கரித்தூளைத் தட்டி உருவத்தின் தடத்தைத் துணியில் இறக்குவர். மயிர் அல்லது கம்பளி சுற்றிய மூங்கிற் கலத்தால் அத்தடத்தின்மீது கோடிழுப்பர். இரும்பு நீர் சேர்ந்த இடம் கருமையாகும். படிகார நீர் இட்ட இடம் சாயவேர்க் கொதிப்பிற் சிவக்கும். நீலம் ஏறக்கூடாத இடம் மெழுகால் மூடப்படும். கடுக்காயும் எருமைப்பாலும் சேர்த்துத் துணியை முன்கூட்டியே பதப்படுத்துவதால், வரையும் நீர் நூலிற் பரவாமல் நின்றது. 1742இல் புதுச்சேரியிலிருந்து இயேசுசபைத் துறவி கேர்டூ எழுதிய கடிதம் இம்முறைகளை ஐரோப்பியருக்கு விரித்துரைத்தது.

இத்துணியின் சிறப்பு இருவகைப்பட்டது. ஒன்று, கோட்டின் உயிர்ப்பு. ஒரே தாளிலிருந்து தடம் இறக்கினும் இரு ஓவியரின் கலம் ஒரே கோட்டை இழுப்பதில்லை. ஐரோப்பிய வணிகர் அனுப்பிய மாதிரிப் படங்களைத் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் இருந்த ஓவியர் தம் கைவழக்கிற்கேற்ப மாற்றியே வரைந்தனர். மற்றது, சாயத்தின் உறுதி. எத்தனை முறை துவைப்பினும் சிவப்பு நீங்காமை ஐரோப்பியரை வியக்கவைத்தது. இவ்விரண்டினுள்ளும் கைவினைஞர் பெருமைகொண்டது இரண்டாவதிலேயாம். சாயம் கசியாமையே அவர் தொழிலின் மானம். இச்செய்தி பின்னர் வரும் ஒரு நிகழ்ச்சியை விளங்கிக்கொள்ள உதவும்.

கலங்காரித் துணியின் வெற்றி ஐரோப்பிய உற்பத்தியாளரை அச்சுறுத்தியது. பிரான்சு 1686இல் அதனைத் தடைசெய்தது. இங்கிலாந்து 1700ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் 1721ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் கட்டுப்படுத்தியது. தடையின் நிழலில் அங்கு அச்சிடும் தொழில் வளர்ந்தது. 1783இல் தோமஸ் பெல் உருளை அச்சு முறைக்கு உரிமம் பெற்றபின், ஒரு நாளில் ஓராயிரம் முழம் துணியில் ஒரே பூவைப் பிசகின்றிப் பதிக்கும் காலம் அணுகியது. 1868-69இல் ஜெர்மனியில் கிறேபே, லீபர்மான் என்னும் இரசாயனவியலாளர் சாயவேரின் சிவப்புக்கு மூலமான அலிசரினைச் செயற்கையாக ஆக்கினர். அதன்பின் தீவுகளின் மணலைக் குத்தவேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை.

இயந்திரத்தின் பிசகு

இயந்திரம் பிசகற்ற பொருளைப் பெருக்கிய காலத்திலேயே பிசகுக்குப் புதிய மதிப்பும் தோன்றிற்று. இதற்கு இரு சான்றுகளை நோக்கலாம். ஒன்று கருத்துலகிற் பிறந்தது. மற்றது சந்தையிற் பிறந்தது.

1853இல் வெளிவந்த ‘வெனிசின் கற்கள்’ என்னும் நூலின் இரண்டாம் தொகுதியில், கோதிக் கட்டடக்கலை பற்றி எழுதிய ஜோன் ரஸ்கின், வேலைசெய்பவர் மனிதராக இருக்க அனுமதிக்கப்படின் அவர் வேலையிற் பிசகு இருந்தே தீரும் என வாதிட்டார். பிசகற்ற நேர்த்தியைக் கட்டாயப்படுத்துவது தொழிலாளியைக் கருவியாக்குவதென்பது அவர் முடிபு. ரஸ்கினுடைய அக்கறை தொழிலாளியின் விடுதலையே. வாங்குபவரின் சுவை பற்றியதன்று. வில்லியம் மொறிஸ் அக்கொள்கையைத் தொழிலில் நிலைநாட்ட முயன்றார். செயற்கைச் சாயங்களை வெறுத்து 1870களில் தாவரச் சாயங்களை மீண்டும் பயின்றார். 1891இல் கெல்ம்ஸ்கொட் அச்சகத்தை நிறுவி, கைப்பொறியிற் கையாற் செய்த தாளில் நூல்களை அச்சிட்டார். ஆயினும் சமதர்மவாதியான மொறிசின் நிறுவனம் ஆக்கிய பொருள்களைச் செல்வரே வாங்க முடிந்தது. தொழிலாளியின் விடுதலைக்கென எழுந்த கொள்கை, செல்வரின் இல்லத்துக்கு உகந்த வணிகப்பெயராக மாறிய முரண்பாட்டை அவரே நன்குணர்ந்திருந்தார்.

அக்கொள்கை இலங்கைக்கு வந்த வழியும் நினைவுகூரத்தக்கது. யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்த சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தரான ஆனந்த குமாரசுவாமி, ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் தமது பெருநூலை 1908இல் வெளியிட்டார். மொறிஸ் பயன்படுத்திய கைப்பொறியிலேயே அது அச்சிடப்பட்டது; படிகள் 425. இலங்கையின் கம்மாளரும் நெசவாளரும் ஓவியரும் எவ்வாறு தொழில் செய்தனர், என்ன ஊதியமும் நிலமும் பெற்றனர், எச்சமூக அமைப்பு அவர்களைத் தாங்கியது என்பனவற்றை அந்நூல் ஆராய்கின்றது. கைவினையின் அழகைக் கைவினைஞரின் வாழ்நிலையிலிருந்து பிரித்து நோக்கலாகாது என்பதே அதன் அடிப்படை.

சந்தையிற் பிறந்த சான்று ஹார்லெம் நகரத்தோடு தொடர்புடையது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நகரின் பிரெவினேர் ஆலை, யாவாத்தீவின் பத்திக் துணியை இயந்திரத்தாற் போலிசெய்ய முனைந்தது. மெழுகுக்குப் பதிலாகப் பிசின் துணியின் இருபுறத்திலும் பதிக்கப்பட்டது. பிசின் வெடித்த இடங்களில் நீலம் புகுந்து ஒழுங்கற்ற கீற்றுகள் தோன்றின. யாவாவில் மெழுகு வெடிப்பது கைத்திறனின் குறைவாகக் கருதப்பட்டமையால் அங்குள்ளோர் அத்துணியை விரும்பவில்லை. 1890களில் அதே துணி இன்றைய கானாவாகிய பொற்கரைக்குச் சென்றபோது பெருவரவேற்புப் பெற்றது. ஒரு துண்டிலுள்ள கீற்று மற்றொன்றில் இல்லாமையே அங்கு அதன் கவர்ச்சியாயிற்று. நெதர்லாந்தின் ஹெல்மொண்ட் நகரில் 1846இல் தோன்றிய விளிசிங்கன் நிறுவனமும் இத்தொழிலில் இறங்கி மேற்காப்பிரிக்கச் சந்தையில் நிலைபெற்றது. ஆக, கையின் பிசகைப் போலிசெய்த இயந்திரத்தின் பிசகு ஒரு வணிகப்பெயரின் ஆளுமையாயிற்று. இங்குப் பிசகின் பின்னால் மனிதர் எவருமில்லை என்பது உற்று நோக்கத்தக்கது.

கதரும் மதராசும்

இந்தியத் துணைக்கண்டத்தில் கையின் தடத்துக்கு அரசியற் பொருள் தந்தது கதர் இயக்கம். கையால் நூற்ற நூல் ஓரிடத்திற் பருத்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும். மான்செஸ்டர் ஆலைத்துணியின் வழவழப்பின் முன்னே அக்கரடுமுரடே அணிபவரின் கொள்கையை அறிவித்தது. 1927 நவம்பரில் யாழ்ப்பாணத்து மாணவர் காங்கிரசின் அழைப்பையேற்றுக் காந்தியடிகள் இங்கு வந்ததும் கதர் நிதி திரட்டும் பயணத்தின் பகுதியாகவே. பின்னர் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற அவ்வியக்கம் தேசிய உடையையும் உள்ளூர்க் கைத்தொழிலையும் தன் கொள்கைகளுட் சேர்த்தது. ஆயினும் காந்தியடிகள் பிசகைப் போற்றினார் என எண்ணுவது பொருந்தாது. நூல் சமனாகவும் உறுதியாகவும் இருத்தல் வேண்டுமென அவர் இடைவிடாது வற்புறுத்தினார். முரட்டு நூலைச் சகித்துக்கொண்டதற்குக் காரணம், அது கிராமத்து ஏழையின் கூலி என்பதே.

கதரின் முரட்டுத் தன்மை அரசியலாகிய அக்காலத்துக்குச் சற்றுப் பின்னர், மதராஸ் கட்டத்துணியின் குறைபாடு தூய வணிகமாயிற்று. கட்டம்போட்ட இக்கைத்தறித் துணி மதராஸ் கைக்குட்டை என்னும் பெயரில் நெடுங்காலம் மேற்காப்பிரிக்காவுக்குச் சென்றுகொண்டிருந்தது. நைசீரியாவின் கலபாரி மக்கள் துணியை முகர்ந்து அதன் மணத்தால் மெய்யானதா போலியா எனத் தெளிந்தனர். அதன் இழைகளில் தெரிந்தெடுத்தவற்றைத் தாமே அறுத்து உருவி, தமக்கேயுரிய புதிய உருவங்களை ஆக்கினர். வாங்குவோரின் கையும் பொருளை நிறைவுசெய்த அரிய உறவு இது.

1958ஆம் ஆண்டு நிகழ்ச்சியோ வேறுவகையானது. பின்னாளில் லீலா விடுதி நிறுவனத்தைத் தோற்றுவித்த கண்ணூரைச் சேர்ந்த கப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயர் அதனைக் கூறியுள்ளார். வில்லியம் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க இறக்குமதியாளர் அவரிடமிருந்து மதராஸ் துணியை வாங்கினார். மென்மையாகக் குளிர்நீரில் அலசவேண்டும் என்னும் எச்சரிக்கை அமெரிக்காவில் வாங்கியோருக்குச் சொல்லப்படவில்லை. புகழ்பெற்ற புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் அத்துணியாலான உடைகளை வாங்கியோர், துவைத்தபோது சாயம் கசிந்து நிறங்கள் கலந்தமை கண்டு முறையிட்டனர். வழக்கு மூளும் நிலையில், சாயம் கசிவதே இத்துணியின் அற்புதம், ஒவ்வொரு துவைப்பிலும் அது புதிய நிறம் கொள்ளும் என விளம்பரம் செய்யப்பட்டது. கசியும் என்பதற்கே உத்தரவாதம் தரப்பட்டது. முறையீடு வேட்கையாயிற்று, 1960களில் அமெரிக்க இளைஞரிடையே ‘கசியும் மதராஸ்’ பெருவழக்காயிற்று.

இந்நிகழ்ச்சியைச் சாயவேரின் வரலாற்றோடு ஒப்பிடுகையிலேயே அதன் முழுப்பொருளும் புலனாகின்றது. கடுக்காயும் எருமைப்பாலும் சேர்த்துச் சாயம் கசியாமற் காத்ததே சோழமண்டலக் கைவினைஞரின் மானமாக இருந்தது. அதே கரையின் பெயர் தாங்கிய துணி, இரு நூற்றாண்டுகளின் பின்னர் கசிவதற்காகவே புகழப்பட்டது. கைவினைஞர் எதைக் குறை எனக் கருதியிருப்பாரோ அதனை விற்பவர் குணமாக்கினர். விளம்பரம் எழுதியவர் பெயரும் இறக்குமதி செய்தவர் பெயரும் அந்த வரலாற்றில் உண்டு. நெய்தவர் பெயர் இல்லை.

பனையும் கற்பகமும்

இலங்கையில் 1960களில் கைவினையை மையமாகக் கொண்ட வணிகப்பெயர்கள் தோன்றின. பார்பரா சன்சோனி, கிராமப் பெண்களுக்குத் தொழில்வாய்ப்பளிக்க முயன்ற கத்தோலிக்கக் கன்னியரின் வேண்டுகோளின்பேரில் கைத்தறித் துணிகளுக்கு நிறத்திட்டம் வகுத்தார். அதுவே ‘பேர்பூட்’ என்னும் நிறுவனமாக வளர்ந்தது. ஈனா டி சில்வா பத்திக் கலையைப் புதுப்பித்தார். 1964இல் அரசின் ‘லக்சல’ நிறுவனம் நிறுவப்பட்டது. உல்லாசப் பயணத்தொழிலின் வளர்ச்சி இவற்றுக்குச் சந்தையை அளித்தது.

வடபகுதியில் இவ்வரலாறு பனையோடு பின்னிப் பிணைந்தது. 1978இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபை, பனம்பொருள்களைக் ‘கற்பகம்’ என்னும் பெயருடைய விற்பனை நிலையங்கள்வழி சந்தைப்படுத்தியது. அப்பெயர் வருமுன்னரே பனம்பொருளுக்கு எழுதப்படாத குறியொன்று இருந்தது. பனங்கட்டிக் குட்டானை இதற்கு எடுத்துக்காட்டலாம். கருப்பநீரைக் காய்ச்சிய பாகு, ஓலையால் இழைத்த சிறு குட்டானில் ஊற்றப்பட்டு இறுகும். குட்டானின் இழைப்பு பனங்கட்டியின் மேற்பரப்பிற் பதியும். பெயர்த்தாளோ முத்திரையோ இன்றியே அது யாழ்ப்பாணத்துப் பனங்கட்டி என எவரும் அறிவர். எந்த இரு குட்டான்களும் ஒத்திருப்பதில்லை. ஆயினும் எல்லாம் ஒரே குடும்பத்தின் முகங்களாகத் தோன்றும். வடிவமைப்பாளர் இன்று தேடும் ஆளுமை இதுவே. அதனை எவரும் திட்டமிட்டு வரையவில்லை. கையில் உள்ள ஓலை, அடுப்பில் உள்ள பாகு, இழைப்பவரின் பழக்கம் ஆகியவற்றின் இயல்பான விளைவு அது.

மண்கும்பான் போன்ற ஊர்களில் ஓலைவேலை வீட்டுத்தொழிலாகவே நிகழ்ந்துவந்தது. சார்வோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, பெட்டியும் சுளகும் நீற்றுப்பெட்டியும் பாயும் இழைப்பர். கடகத்தின் விளிம்பை நாரிட்டுப் பொத்துவர். இழைப்பவர் விரும்புவது சமனான விளிம்பையே. கோணிய பெட்டியை அவர் சந்தைக்குக் கொண்டுசெல்வதில்லை; அவிழ்த்து மீண்டும் இழைப்பார், அன்றேல் வீட்டுப் பாவனைக்கு வைத்துக்கொள்வார். அத்தனை கவனத்தையும் மீறி எஞ்சும் சிறு வேறுபாடே கையின் தடமாகும். நேர்த்தியை நோக்கிய முயற்சியின் எச்சம் அது. விரும்பிச் செய்த பிசகுக்கும் முயன்றும் எஞ்சிய பிசகுக்கும் உள்ள வேறுபாடு, கண்ணுக்கு உடனே புலனாகாதெனினும் அடிப்படையானது.

இவ்வேறுபாட்டின் நடைமுறை விளைவு சிறிதன்று. 1990ஆம் ஆண்டிற் போர்ச் சூழலால் தீவுப்பகுதி மக்களிற் பெரும்பாலோர் ஊரைவிட்டு நீங்கினர். போர் பெருந்தொகையான பனைகளையும் அழித்தது. ஓலைவேலை, தாயின் அருகிலமர்ந்து மகள் பார்த்துப் பழகும் தொழில். குடும்பம் சிதறினால், பழகும் இடமும் சிதறும். ஒரு தலைமுறை இழைக்காதிருப்பின் அடுத்த தலைமுறைக்குக் காட்டிக்கொடுக்கும் கை இராது. கையால் வரைந்தது போன்ற எழுத்துருவைக் கணினி எத்தனை முறையும் மீட்டுத் தரும். பருத்தும் மெலிந்தும் தோன்றும் நூலை ஆலையே வேண்டுமென்று நூற்றுத் தரும். சார்வோலையின் பதத்தை விரலால் அறியும் அறிவை அவ்வாறு மீட்க இயலாது. போலிப் பிசகு மலிவாகக் கிடைக்கும் சந்தையில், உண்மைக் கைவேலைக்கு உரிய விலையைக் கோருவதும் கடினமாகின்றது. இரண்டையும் ஒரே தோற்றமாகக் காணும் வாங்குநர் விலை குறைந்ததையே தெரிவர்.

முடிவுரை

மேற்கூறிய வரலாற்றிலிருந்து சில முடிபுகளைப் பெறலாம். முதலாவது, பிசகின் மதிப்பு நிலையானதன்று. லெய்டன் பரிசோதகர் குற்றமெனத் தள்ளியதையும் யாவாவில் குறையெனக் கொண்டதையும் வேறொரு காலமும் வேறொரு சந்தையும் சிறப்பெனக் கொண்டன. இயந்திர நேர்த்தி அரிதாயிருந்தபோது நேர்த்திக்கும், கைத்தடம் அரிதாகியபோது கைத்தடத்துக்கும் விலை ஏறிற்று. இரண்டாவது, பிசகு ஆளுமையை அளிப்பதற்குக் காரணம் அது ஒரு மனிதரைச் சுட்டுவதே. அம்மனிதர் உண்மையில் இருக்கிறாரா, அவருக்கு அதனால் ஏதேனும் கிடைத்ததா என்பன சந்தை கேட்காத வினாக்கள். ரஸ்கினும் குமாரசுவாமியும் அவற்றையே முதலிற் கேட்டனர்.

வணிகப்பெயரும் கைவினைஞரும் ஒருங்கே நிலைபெற இயலாதென்றும் கொள்ளவேண்டியதில்லை. டெல்ப்ட் நகரில் 1653இல் தொடங்கிய ‘பீங்கான் குப்பி’ என்னும் பெயருடைய தொழிலகம், ஆங்கிலேய மட்பாண்டங்களின் போட்டியால் நலிந்த கைவரைவை 1876இல் யூஸ்ட் தோப்ட் என்பாரின் முயற்சியால் மீட்டெடுத்தது. அங்குக் கையால் வரையப்படும் பாண்டத்தின் அடியில் நிறுவனத்தின் குறியோடு ஓவியரின் முதலெழுத்துகளும் இடம்பெறுகின்றன. கொடுமணலிற் பானைமீது பெயர் கீறியவரின் உரிமை, அங்கு வணிகக்குறியின் அருகிலேயே ஓரிடம் பெற்றுள்ளது. டெல்ப்ட் என்னும் பெயரைச் சுமந்த நெடுந்தீவிலும், லெய்டன் என்னும் பெயரைச் சுமந்த வேலணைத்தீவிலும் வேர்குத்தியோருக்கும் ஓலை இழைத்தோருக்கும் அவ்வுரிமை ஒருபோதும் வழங்கப்படவில்லை.

கற்பகம் என்னும் பெயருக்கு அடியில், இழைத்தவரின் பெயரும் ஊரும் குறிக்கப்பட்டு, விலையில் அவருக்குரிய பங்கு எவ்வளவெனவும் தெரிவிக்கப்படுமாயின், மண்கும்பான் கடகத்தின் சமனாகாத விளிம்பு விளம்பர உத்தி எதுவுமின்றியே தன் ஆளுமையை உணர்த்தும். பல்கலைக்கழகங்களுக்கும் இதிற் பங்குண்டு. தீவகத்தின் ஓலைவேலை வகைகள், அவற்றின் பெயர்கள், இழைப்பு முறைகள், அவற்றை அறிந்தோர் ஆகியன ஊர்தோறும் பதிவுசெய்யப்படல் வேண்டும். சாயவேர் குத்தியோரைப் பற்றி இன்று எழுதப் புகுவோர்க்குக் கிடைப்பவை அவர்கள் எடுத்த வேரின் நிறைக்கணக்குகள் மாத்திரமே. ஓலை இழைப்போரைப் பற்றி நாளை எழுதுவோர்க்கும் பெட்டிகளின் தொகை மட்டுமே எஞ்சுமாயின், அப்பொறுப்பு ஒல்லாந்தருடையதாக இராது.